கைக்கு ஓய்வு கொடுங்கள், கண்ணுக்கு வேண்டாம்

சென்ற ஐப்பசியில் டெல்டா கிராமம் ஒன்றில் பயிற்சி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் என் வண்டி அருகே வந்து நின்றார். உரத் தட்டுப்பாடு பற்றியோ கொள்முதல் விலை பற்றியோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"நாத்து பாய் நாத்தா வந்துடுது சார். மெஷின்காரர் நட்டுட்டுப் போயிடுறார். மருந்தை ட்ரோன் தம்பி அடிச்சிட்டுப் போயிடுது. அறுப்புக்கும் வண்டி வருது. எல்லாருக்கும் போன் போடுறது, பணத்தை எண்ணிக் குடுக்கிறது, இந்த ரெண்டும்தான் எனக்கு வேலை. எங்கப்பா பட்ட கஷ்டம் எனக்கு இல்லை. அதைக் குறை சொல்லலை. ஆனா எங்கப்பா வயலுக்குப் போனா விவசாயி. நான் போனா வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி இருக்கு."

அதே ஊரில் முப்பது வருடம் நடவுக்குப் போன ஒரு அம்மாவும் அன்று பேச்சில் சேர்ந்துகொண்டார். "மெஷின் வந்ததுல இடுப்பு தப்பிச்சுதுங்க. அந்தச் சேத்துல இனிமே யார் குனியறது? ஆனா அந்த இருபது நாள் கூலி போச்சே, அதுக்கு யார் பொறுப்பு?" என்றார்.

இருவருக்கும் அன்று என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் மனத்தில் ஓடியது. விளைச்சல், செலவு, வரவு என்று கணக்குப் பார்க்கப் பழகிய என்னைப் போன்றவர்கள் கேட்க மறந்த கேள்வி அது. ஒரு வேலையை 'என் வேலை' என்று சொல்லவைப்பது எது? உடம்பு படும் கஷ்டமா, கிடைக்கும் பணமா, அல்லது வேறு ஏதாவதா? இதைத் தத்துவம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வயலில் அடுத்த பத்து ஆண்டுகளில் யார் நிற்கப்போகிறார்கள் என்பது இந்தக் கேள்வியோடு சேர்ந்தது.

உமியும் தவிடும்

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்தவர் ஜே.சி.குமரப்பா. லண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் படித்தவர். பிறகு காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக வாழ்நாளைக் கொடுத்தார். மதுரை மாவட்டத்து டி.கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்து, 1960-இல் மறைந்தார். வேலையைப் பற்றி அவர் எளிமையான ஒரு கருத்தைச் சொன்னார்: உடம்புக்குச் சோறு எப்படியோ, மனிதனின் உயர்ந்த ஆற்றல்களுக்கு வேலை அப்படி. நல்ல வேலை ஆளை வளர்க்கும். மோசமான வேலை ஆளைத் தேய்க்கும்.

ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பொருளியலாளர் ஷூமாக்கர், 1973-இல் வெளிவந்த 'சிறியதே அழகு' என்ற தன் புகழ்பெற்ற நூலில் குமரப்பாவின் இந்தக் கருத்தை எடுத்தாண்டார். வேலையால் மூன்று பயன்கள் இருக்க வேண்டும் என்பது ஷூமாக்கரின் வாதம். ஒருவர் தன் திறமையைப் பயன்படுத்தி வளர்த்துக்கொள்ள அது இடம் தர வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்து உழைத்து, 'நான்' என்பதைக் குறைத்துக்கொள்ள உதவ வேண்டும். வாழ்வுக்குத் தேவையான பொருளை விளைவிக்க வேண்டும். இன்றைய வேளாண் திட்டங்களில் மூன்றாவது பயனை மட்டும்தான் அளக்கிறோம். டன்னும் குவிண்டாலும் அதற்குத்தான்.

குமரப்பாவின் சோற்று உவமையை நான் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன். நெல்லை அப்படியே சமைத்துச் சாப்பிட முடியாது. உமி போக வேண்டும். உழவிலும் உமி உண்டு: நாள் முழுவதும் குனிந்து நடுவது, பதினைந்து கிலோ தெளிப்பானை முதுகில் சுமந்து மருந்தை மூச்சில் இழுப்பது, வெயிலில் கதிர் அறுப்பது. இவற்றை இயந்திரம் எடுத்துக்கொண்டால் நல்லதுதான். ஆனால் அரிசி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று தீட்டிக்கொண்டே போனால் தவிடும் போய்விடும். சத்தும் அதோடு போய்விடும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. உழவு வேலையில் எது உமி, எது தவிடு?

தறியும் விசைத்தறியும்

இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தவரும் தமிழ் வழி வந்தவர்தான். கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அவருடைய கருத்தையும் ஷூமாக்கர் அதே கட்டுரையில் எடுத்துக்காட்டுகிறார். கம்பளம் நெய்பவரின் தறி ஒரு கருவி. பாவு நூலை அது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நெய்வது மனிதரின் விரல். விசைத்தறி அப்படியல்ல. வேலையில் எது மனிதருக்கே உரியதோ, அதையே அது செய்துவிடுகிறது. மனிதரின் திறமையைப் பெருக்குவது கருவி. மனிதரின் இடத்தைப் பிடித்துக்கொள்வது இயந்திரம்.

இந்த அளவுகோலை நம் வயலில் வைத்துப் பார்ப்போம். நெல் சாகுபடியில் மனிதருக்கே உரிய பகுதி எது? நடவா? அல்ல, நாற்றைச் சேற்றில் ஊன்றுவதை இயந்திரமும் செய்யும். மருந்து தெளிப்பதா? அதுவும் அல்ல. என் கருத்தில், பார்ப்பது, முடிவெடுப்பது, எடுத்த முடிவின் விளைவிலிருந்து கற்றுக்கொள்வது ஆகிய மூன்றும்தான் உழவின் தவிடு. மற்றதெல்லாம் உமி.

ஓர் உதாரணம் தருகிறேன். புகையான் எனப்படும் பழுப்புத் தத்துப்பூச்சிக்கு எப்போது மருந்து அடிப்பது? வயலில் சிலந்தி இல்லாவிட்டால், தூருக்கு ஒரு பூச்சி வந்ததும் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். இது பரிந்துரை. ஆனால் அந்தச் சிலந்தியைப் பார்ப்பது யார்? பயிரை விலக்கி, குனிந்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரின் அடியைப் பார்க்கிறவருக்குத்தான் அது தெரியும். மருந்தை ட்ரோன் தெளிக்கலாம். மருந்து வேண்டுமா என்பதைத் தெளிக்க வருகிறவரிடம் விட்டுவிட்டால், உங்கள் வயலில் அது கருவியாக இருக்காது. உங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்ட இயந்திரமாகிவிடும். ஏக்கருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிற தம்பியிடம் "அடிக்கணுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

தழைச்சத்துக்கும் இதே கதைதான். இலை வண்ண அட்டை சாதாரண பிளாஸ்டிக் அட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராக இலைமேல் விழாமல் உங்கள் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இலைகளில் பாதிக்கு மேல் குறியளவுக்குக் கீழே இருந்தால் யூரியா தேவை, இல்லாவிட்டால் தேவையில்லை. வெள்ளைப் பொன்னிக்குக் குறியளவு 3. மற்றப் பெரும்பாலான ரகங்களுக்கு 4. ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறோம், ஏனென்றால் ஆளுக்கு ஆள் பார்வை மாறும். அந்த அட்டையை நான் கருவி என்பேன். அது உங்கள் கண்ணுக்குத் துணையாக வருகிறது. கண்ணின் வேலையைப் பறித்துக்கொள்வதில்லை.

இந்தோனேசியா திருப்பிக் கொடுத்தது

முடிவெடுக்கும் வேலையை விவசாயியிடமிருந்து பறித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடே பார்த்தது. இந்தோனேசியாவில் அரசு பூச்சிக்கொல்லிகளுக்குப் பெரும் மானியம் கொடுத்து, அட்டவணைப்படி தெளிக்கச் சொன்னது. சிலந்தி முதலான இயற்கை எதிரிகள் செத்தன, புகையான் பெருகியது. அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. கடைசியில் 1986-இல், நெல்லுக்கு அடிக்கப்பட்டுவந்த 57 பூச்சிக்கொல்லிகளை ஜனாதிபதி ஆணை தடைசெய்தது. மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

தடையோடு அவர்கள் நிற்கவில்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பின் துணையோடு 1989-இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின. சுமார் 25 விவசாயிகள், வாரம் ஒரு காலை, பருவம் முழுவதும். முதலில் வயலில் இறங்கிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு பெரிய தாளில் பயிர், பூச்சி, சிலந்தி, தண்ணீர், வானிலை எல்லாவற்றையும் வரைவார்கள். அந்தப் படத்தை நடுவில் வைத்து, இந்த வாரம் என்ன செய்வது என்று விவாதித்து முடிவெடுப்பார்கள். "இது என்ன பூச்சி?" என்று கேட்டால் பயிற்சியாளர் உடனே பெயர் சொல்ல மாட்டார். "எங்கே பார்த்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். சிலந்தியையும் தத்துப்பூச்சியையும் ஒரே வலைக்கூண்டில் விட்டு, எது எதைத் தின்கிறது என்று விவசாயிகளே பார்த்துக்கொள்வார்கள்.

தன் வயலுக்குத் தானே நிபுணர் ஆவது அந்தப் பள்ளியின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. பிறகு அது ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் பரவியது, இந்தியாவுக்கும் வந்தது. நம் ஊர்களில் அதை நடத்திய அலுவலர்கள் பலரை அறிவேன். பூச்சி மருந்துச் செலவு குறைந்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது, பத்தாவது வாரத்தில் விவசாயிகள் அலுவலரைப் பார்த்துக் கேள்வி கேட்கும் தொனி மாறியிருப்பது.

நான் செய்த தவறு

இதையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரிந்துவைத்திருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விவசாயி தொலைபேசியில் கூப்பிட்டார். நட்டு முப்பது நாளான பயிரில் இலைச்சுருட்டுப் புழு வெள்ளை வெள்ளையாகச் சுரண்டியிருக்கிறது, என்ன அடிக்கலாம் என்றார். அவசரத்தில் இருந்தேன். எத்தனை இலை பாதித்திருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. தூர் கட்டும் பருவத்தில் பத்து சதவீத இலைகள் பாதிக்கும் வரை பொறுக்கலாம். இளம்பயிர் அந்தச் சேதத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். இது பாடத்தில் படித்ததுதான். இருந்தும் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். கடையில் அதோடு இன்னொன்றையும் கலந்து கொடுத்திருக்கிறார்கள். அவர் இரண்டு முறை அடித்தார். பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயலில் வட்ட வட்டமாகப் புகையான் காய்ச்சல்.

போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "நீங்க சொன்னீங்க சார், செஞ்சேன்" என்றார். அவ்வளவுதான். அதைக் கேட்டபோதுதான் உறைத்தது. விளைந்திருந்தாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். வெற்றியும் அவருடையதல்ல, தோல்வியும் அவருடையதல்ல. அடுத்த பருவத்துக்கு அவர் கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. கடன் மட்டும் அவர் பெயரில்.

சொன்னதைச் செய்கிற ஆளாக ஒருவரை மாற்றிவிட்டால், அவருடைய வேலையிலிருந்து அவரையே வெளியேற்றிவிடுகிறோம். அதை நாங்கள் 'தொழில்நுட்பப் பரிமாற்றம்' என்று பெயர் வைத்துச் செய்துகொண்டிருந்தோம்.

அர்த்தம் சோறு போடுமா?

நீங்கள் கேட்கலாம்: "விலை இல்லை, தண்ணீர் இல்லை, ஆள் இல்லை. இதில் வேலையின் அர்த்தம் பற்றிப் பேச வந்துவிட்டீர்களா?" நியாயமான கேள்வி. உழவு உன்னதமானது, உழவர் கடவுள் என்று மேடையில் சொல்லிவிட்டு, விலை என்றதும் நகர்ந்துவிடுகிறவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். அர்த்தம் ஒருபோதும் விலைக்கு மாற்று அல்ல. கட்டுப்படியாகும் விலை கிடைக்காத வேலையில், எவ்வளவு அர்த்தம் இருந்தாலும், உங்கள் பிள்ளை நிற்க மாட்டான். நிற்கச் சொல்வதும் நியாயமில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பார்க்கும் வேலையையும் முடிவெடுக்கும் வேலையையும் கைவிட்டவர்களுக்குத்தான் செலவு அதிகமாகிறது. தேவையில்லாத தெளிப்பு, பச்சை ஏறட்டும் என்று போட்ட யூரியா, அதனால் வந்த பூச்சி, அதற்கு இன்னொரு தெளிப்பு. கண்ணை மூடிக்கொண்டதற்கான கூலியை நாமே கட்டுகிறோம். எனவே விலைக்காகக் குரல் கொடுப்பதும், வயலைத் தானே பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. நிலம் உள்ளவருக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது. நடவு அம்மாவுக்கு என்ன இருக்கிறது? அவர் வயலில் நின்ற முப்பது வருடமும் யாரும் அவரிடம் முடிவு கேட்டதில்லை. நடும் கைக்கு நாற்றின் வயது தெரியும். வேர் அறுந்த நாற்று தெரியும். குருத்து காய்ந்த பயிரை முதலில் பார்ப்பது களையெடுக்கிற பெண்கள்தான். அந்த அறிவை நாம் கூலிக்குள் சேர்க்கவே இல்லை. இடுப்பு வேலையை மட்டும் வாங்கினோம். இயந்திரம் வந்ததும் அதையும் நிறுத்திவிட்டோம்.

இங்கே எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்துகொள்ளுங்கள். ஊரில் நடவு, களையெடுப்புக்குப் போன பெண்கள் இருவருக்கு வட்டார அலுவலரிடம் பூச்சிக் கண்காணிப்புப் பயிற்சி கேட்டு வாங்கிக்கொடுங்கள். வாரம் ஒருமுறை அவர்கள் பத்து வயல்களையும் பார்த்து எண்ணிக்கை எழுதித் தரட்டும். அதற்கு முறையான கூலி கொடுங்கள். தவிர்க்கிற ஒரு தெளிப்பின் செலவோடு அதை ஒப்பிட்டு, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நடவில் போன இருபது நாள் கூலியை இது முழுதாக ஈடுகட்டாது. ஆனால் கை போன இடத்தில் கண்ணுக்கு ஒரு வேலையை உண்டாக்கும். உங்கள் கண்ணும் ஓய்ந்துவிடக் கூடாது; அவர்கள் எழுதித் தந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் வயலில் இறங்க வேண்டும்.

அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தைப் படிக்கிற விரிவாக்க அலுவலர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். செயல்விளக்கத் திடல் இத்தனை, மானியப் பயனாளி இத்தனை, புகைப்படம் இத்தனை, பதிவேற்றம் இத்தனை என்று உங்கள் நாள் போகிறது. வேளாண்மை படித்து வந்த நீங்கள், கைபேசியில் கட்டம் நிரப்புகிற ஆளாகிவிட்டீர்கள் என்ற மனக்குறையை உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். விவசாயி சொன்ன 'வேடிக்கை பார்க்க வந்தவன்' என்ற சொல் உங்களுக்கும் புரியும்.

இலக்கை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் வாரத்தில் ஒரு காலையை ஒரே ஒரு வயலுக்கு ஒதுக்க முடியும். அங்கே பரிந்துரையோடு தொடங்காமல் கேள்வியோடு தொடங்குங்கள். "எங்கே பார்த்தீங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்ற இரண்டு கேள்விகள் போதும். உங்களிடம் கேட்காமலேயே எத்தனை விவசாயிகள் இந்த மாதம் சரியாக முடிவெடுத்தார்கள் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அந்தக் கணக்கை உங்கள் சொந்த நோட்டில் எழுதிவையுங்கள்.

இந்தப் பருவத்தில் தொடங்க

விவசாயிகளுக்கு நான் சொல்வது பெரிய காரியமல்ல. இயந்திர நடவு, ட்ரோன், அறுவடை வண்டி எல்லாம் இருக்கட்டும். வாரம் ஒரு காலை வரப்பில் நிற்காமல் வயலுக்குள் இறங்குங்கள். குறுக்காக நடந்து பத்துக் குத்துகளை விலக்கி அடியைப் பாருங்கள். பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை, காய்ந்த குருத்து எத்தனை என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். முடிந்தால் ஒரு மா நிலத்தைப் பாடம் படிக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் யாருடைய பரிந்துரையும் வேண்டாம், என்னுடையதும் வேண்டாம். நீங்கள் பார்த்ததை வைத்து நீங்களே முடிவெடுங்கள். ஏன் அந்த முடிவு என்பதையும் எழுதுங்கள். அறுப்புக்குப் பிறகு படித்துப் பாருங்கள். உங்கள் மகனோ மகளோ ஊரில் இருந்தால், அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள். வெறும் செலவுக் கணக்கைக் காட்டி யாரையும் உழவுக்கு அழைக்க முடியாது. தானே கண்டுபிடிக்க இங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் ஒருவேளை எட்டிப் பார்ப்பார்கள்.

முதலில் சொன்ன விவசாயி மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டார். பக்கத்து வயலில் புகையானுக்கு ட்ரோன் வந்திருக்கிறது, இவரையும் அடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இவர் இறங்கி முப்பது குத்துப் பார்த்திருக்கிறார். "தூருக்கு ஒண்ணுகூடத் தேறலை சார். சிலந்தி ஏறக்குறைய எல்லாக் குத்துலயும் இருக்கு. தண்ணியை வடிச்சு விட்டுட்டேன். மருந்து இப்ப வேணாம்னு தம்பியைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "செஞ்சது சரிதானே சார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "நாலு நாள் கழிச்சு மறுபடியும் இறங்கிப் பார்க்கிறேன் சார். பார்த்துட்டு நானே சொல்றேன்."